கோவர் கால்களுக்குச் சால்டர் வைத்தல்

கோவர் என்பது இரும்புடன் ஏறத்தாழ 29% நிக்கலும் 17% கோபால்ட்டும் சேர்ந்த உலோகக்கலவை. சூட்டில் இது விரியும் அளவு போரோசிலிக்கேட் கண்ணாடி விரியும் அளவோடு ஒத்துப்போகிறது. அதனால் உலோகக் கூட்டில் அடைத்த டிரான்சிஸ்டர், ஒளியுணரி போன்ற காற்றுப்புகா உறுப்புகளில், கண்ணாடி மணியின் ஊடே வெளிவரும் கால்கள் பெரும்பாலும் கோவரால் ஆனவை. காந்தம் ஈர்ப்பதைக் கொண்டு இவற்றைச் செம்புக் கால்களிலிருந்து பிரித்தறியலாம். ஆயினும் மற்ற இரும்புக் கலவைகள் பலவும் காந்தத்தில் ஒட்டும்.

சால்டர் பிடிக்காத காரணம்

கண்ணாடி கோவரைப் பற்றிக்கொள்வது அதன் மேலுள்ள ஆக்சைடு படலத்தின் வழியாகவே. கண்ணாடிக்கு வேண்டிய அதே படலம் சால்டருக்குத் தடை. செம்பின் மேல் உருகிய வெள்ளீயம் நொடியில் பரவி, செம்பு-வெள்ளீயச் சேர்மமாகப் பிணைகிறது. ஆக்சைடு மூடிய கோவரின் மேலோ அது பரவாமல் உருண்டு நிற்கும். சூட்டைக் கூட்டினால் ஆக்சைடு மேலும் தடிக்குமே தவிர விலகாது.

தங்க முலாம்

இதைத் தவிர்க்கவே உற்பத்தியாளர்கள் கால்களுக்கு நிக்கல் பூசி, அதன்மேல் தங்கம் பூசுகின்றனர். தங்கம் சால்டரில் விரைந்து கரையும். இணைப்பில் அதன் பங்கு எடையில் சுமார் 3 விழுக்காட்டைத் தாண்டினால், தங்க-வெள்ளீயச் சேர்மம் உருவாகி இணைப்பு நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஆகவே தடித்த முலாமுள்ள கால்களைச் சால்டர் தொட்டியில் முக்கித் தங்கத்தைக் கரைத்து, புதுச் சால்டரில் மீண்டும் முக்கிய பிறகே போர்டில் பொருத்துவர்.

செய்முறை

முலாம் தேய்ந்த காலை நுண்ணிய உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, உடனே ஃப்ளக்ஸ் தடவ வேண்டும். சாதாரண ரோசின் போதாவிட்டால் வீரியமூட்டிய ரோசினோ நீரில் கரையும் கரிம அமில ஃப்ளக்ஸோ உதவும். துத்தநாகக் குளோரைடு ஃப்ளக்ஸ் ஆக்சைடை எளிதில் அகற்றும். ஆனால் அதன் எச்சம் தாமிரத் தடங்களை அரிக்கும் என்பதால் போர்டில் அதைப் பயன்படுத்தக் கூடாது. அமில ஃப்ளக்ஸ் எதுவானாலும் காலுக்கு முதலில் தனியே சால்டர் பூசி, எச்சத்தை நன்கு கழுவிவிட்டே போர்டில் செருக வேண்டும். பூச்சு இடைவெளியின்றிப் படர்ந்திருந்தால், அதன்பின் 183° செ.-இல் உருகும் 63-37 வெள்ளீய-ஈயச் சால்டரால் வழக்கம்போல இணைக்கலாம். கண்ணாடி மணியை ஒட்டிக் காலை வளைத்தால் கண்ணாடி விரிசல் விடும்.

நுண்அளவீட்டில் கவனம்

கோவரும் செம்பும் சந்திக்கும் இடம் வெப்பமின் இரட்டையாகச் செயல்பட்டு, ஒரு டிகிரி செல்சியஸ் வேறுபாட்டுக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட் தருகிறது. நுண்ணிய மின்னழுத்தத்தை அளக்கும் சுற்றுகளில் இந்த இணைப்புகளை ஒரே வெப்பநிலையில் வைத்திருப்பது, அவற்றை உறுதியாகப் பற்றவைப்பதற்கு இணையாக முக்கியம்.