உண்ண மறுக்கும் உள்ளம்

கொங்கு நாட்டில் வீட்டுக்கு வந்தவரிடம் முதலில் கேட்கும் கேள்வி, "சாப்பிட்டீங்களா?" என்பதுதான். வறுமையால் பட்டினி கிடந்தோரை நாம் அறிவோம். வேண்டுதலுக்காக விரதம் இருப்போரையும் அறிவோம். ஆனால், தட்டில் சோறும் வயிற்றில் பசியும் இருக்க, உண்ண முடியாமல் உயிரைக் கரைக்கும் நோய் ஒன்று உண்டு என்றால் பலர் நம்பமாட்டார்கள். அதன் பெயர் அனோரெக்சியா நெர்வோசா. மனநோய்களுள் உயிரிழப்பு மிகுதியாக உள்ளவற்றில் இதுவும் ஒன்று.

இன்னொரு நோயை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கழுவிய கையை மீண்டும் மீண்டும் கழுவுவதும், பூட்டிய கதவைப் பத்து முறை இழுத்துப் பார்ப்பதும் அதன் அடையாளங்கள். வேண்டாத எண்ணம் ஒன்று சுழன்று சுழன்று வரும். ஒரு செயலைச் செய்தாலன்றி அது அடங்காது. இதனை எண்ணச் சுழற்சி நோய் என்பர்.

இப்போது ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பீளமேட்டுக் கல்லூரி விடுதி ஒன்றில் தங்கிப் படிக்கிறாள். உணவுக் கூடத்தில் இட்லியை எப்போதும் ஒரே எண்ணிக்கையில் துண்டு போடுகிறாள். ஒவ்வொரு துண்டையும் எண்ணி மெல்லுகிறாள். எண்ணிக்கை தவறினால் தட்டை ஒதுக்கிவிடுகிறாள். நாளுக்கு நாள் மெலிகிறாள். அவளுக்கு வந்திருப்பது உணவு நோயா, எண்ணச் சுழற்சி நோயா? இக்கேள்விக்கு விடை தேடி மருத்துவ உலகம் நெடுங்காலம் நடந்திருக்கிறது. அவ்வழியே நாமும் சற்று நடந்து பார்ப்போம்.

பெயர் பிறந்த கதை

1689-இல் இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன் உடல் மெலிவு நோய்களைப் பற்றி நூல் ஒன்று எழுதினார். அதில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் வரலாறு வருகிறது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஆனால் உடல் எலும்பும் தோலுமாகிவிட்டது. இரவெல்லாம் புத்தகமே கதியாக இருந்தாள் என்றும் மார்ட்டன் குறித்திருக்கிறார். அவள் மருந்தை மறுத்தாள். சில மாதங்களில் இறந்தாள். இது காசநோய் அன்று, மனத்திலும் நரம்பிலும் வேர்கொண்ட மெலிவு என்று அவர் கருதினார்.

1873-இல் இலண்டனில் வில்லியம் கல்லும், பாரிசில் சார்லஸ் லாசேகும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்நோயை விரிவாக எழுதினர். அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயர் கல் கொடுத்தது. 'அனோரெக்சியா' என்றால் பசியின்மை. இப்பெயரே தவறான பொருளைத் தருகிறது என்பது பின்னர் தெரிந்தது.

அதை எடுத்துக்காட்டியவர் பிரெஞ்சு உளவியலாளர் பியர் ஜானே. 1903-இல் வெளிவந்த அவருடைய நூலில் நாடியா என்ற பெண்ணைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அவளுக்குப் பசி இருந்தது. உண்பது வெட்கத்துக்குரியது என்ற எண்ணமே அவளைத் தடுத்தது. எனவே இது பசி போன நோய் அன்று, எண்ணம் ஆட்டிவைக்கும் நோய் என்றார் ஜானே. 1939-இல் பாமர், ஜோன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர்களும் இதே கருத்தைத் தம் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்தனர்.

பட்டினியே எண்ணத்தைச் சுழற்றுமா?

வழக்கு முடிந்ததென்று தோன்றுகிறதல்லவா? முடியவில்லை. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், பட்டினியால் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு எப்படி உணவளித்துத் தேற்றுவது என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தனர். 1945-இல் ஏறத்தாழ ஆறு மாதம் அவர்கள் அரைப்பட்டினியில் வைக்கப்பட்டனர்.

அவர்கள் நல்ல மனநலம் உடையவர்கள் என்று பார்த்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆயினும் என்ன நடந்தது? நாள் முழுதும் உணவு நினைவே. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்தனர். சிலர் வேண்டாத பழம்பொருள்களை வாங்கிக் குவித்தனர். கிடைத்த சிறு உணவை மணிக்கணக்கில் அளைந்து உண்டனர். எவருக்கும் உடல் பருத்துவிடும் என்ற அச்சம் முன்பு இருந்ததில்லை. பட்டினி மட்டுமே அவர்களை இந்நிலைக்குக் கொண்டுவந்தது!

ஆகவே, நம் மாணவியின் எண்ணிக்கைச் சடங்குகள் நோயின் காரணமாகவும் இருக்கலாம், பட்டினியின் விளைவாகவும் இருக்கலாம். இதனால்தான் உணவு கொடுத்து உடலைத் தேற்றுவதே முதல் மருந்து என்கின்றனர். உடல் தேறியபின் எஞ்சும் சடங்குகளே மூல நோயின் அளவைக் காட்டும்.

எது முன், எது பின்?

2004-இல் அமெரிக்காவில் வால்டர் கேயும் அவர் குழுவினரும் உணவு நோய் கண்ட 672 பேரை ஆராய்ந்து வெளியிட்டனர். நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்கு வாழ்நாளில் ஒரு காலத்தில் எண்ணச் சுழற்சி நோயும் இருந்தது. பொதுமக்களிடையே அது நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கே வருவது. அவர்களுள் பலருக்கு உணவு நோய்க்கு முன்பே, சிறு வயதிலேயே அது தொடங்கிவிட்டது. பட்டினி மட்டும் காரணமன்று என்பதற்கு இது சான்று. எட்டு மனநோய்களின் மரபுக் கூறுகளை ஒப்பிட்டு 2019-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்விலும் இவ்விரண்டு நோய்களும் ஒரே தொகுதியில் அமைந்தன.

ஆனால் இரண்டும் ஒன்றே அல்ல. கை கழுவுகிறவர், "இது வீண் வேலை, விட முடியவில்லையே" என்று வருந்துகிறார். எண்ணம் அவருக்கு அழையா விருந்தாளி. உண்ண மறுப்பவரோ பெரும்பாலும், "நான் செய்வதே சரி" என்கிறார். எண்ணம் அவருக்கு வீட்டுக்காரர். நோயை நோயென்று உணராததே இங்கு சிகிச்சைக்குப் பெருந்தடை.

நம் நாட்டில்

1995-இல் டில்லி மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினர். ஐவரும் உண்ண மறுத்து மெலிந்தவர்கள். ஆனால் மேனாட்டு நூல்கள் கூறும் உடல் தோற்றக் கவலை அவர்களிடம் இல்லை. 1998-இல் சென்னை மருத்துவர்கள் மருத்துவ மாணவரிடையே இந்நோயின் மென்மையான வடிவத்தைக் கண்டனர். 2003-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆய்வோ வேறு செய்தி சொன்னது: எண்ணச் சுழற்சி நோயாளிகளிடையே உணவு நோய் மிகுந்திருப்பதாகத் தெரியவில்லை.

முரண்பாடாகத் தோன்றுகிறதா? கேள்வியைக் கவனியுங்கள். கேய் உணவு நோயாளிகளிடம் மற்றதைத் தேடினார். நிம்ஹான்ஸ் மறுமுனையிலிருந்து தேடியது. கிணறு உள்ளவரெல்லாம் பம்புசெட்டு வைத்திருக்கலாம். பம்புசெட்டு உள்ள எல்லோரிடமும் கிணறு இருக்கவேண்டியதில்லை. உணவு நோய் அரிதாகப் பதிவான நாட்டில் அது கண்ணில் படாததும் வியப்பன்று.

நாம் செய்யத்தக்கது

சிகிச்சை உண்டு. 1966-இல் விக்டர் மேயர் இலண்டனில் காட்டிய வழி, அச்சத்தை எதிர்கொள்ளச் செய்து சடங்கை மட்டும் தடுப்பது. எண்ணச் சுழற்சி நோய்க்கு இன்றும் இதுவே முதன்மையான உளமுறைச் சிகிச்சை. இளையோரின் உணவு நோய்க்கு, பெற்றோரே உணவுப் பொறுப்பை ஏற்கும் குடும்பமுறைச் சிகிச்சை இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவாயிற்று.

உங்கள் வீட்டிலோ விடுதியிலோ ஒருவர் காரணமின்றி மெலிந்தால், தனியே உண்ண ஒதுங்கினால், உணவில் சடங்குகள் புகுந்தால், "பிடிவாதம்" என்று ஏசாதீர்கள். உடலமைப்பைக் கேலி பேசாதீர்கள். முதலில் மருத்துவரிடம் நாடித்துடிப்பும் உடல்நிலையும் பார்க்கச் செய்யுங்கள். பீளமேட்டுப் பி.எஸ்.ஜி. மருத்துவமனையிலும், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இலவசமானது. மார்ட்டன் கண்ட பெண்ணுக்குக் கைகொடுக்க அன்று எதுவும் இல்லை. இன்று இருக்கிறது, காலத்தோடு கொண்டு சேர்ப்பதே நம் பொறுப்பு.