பொத்தோசி வெள்ளியும் ஊர்விட்டுப் போனவர்களும்

பதினாறாம் நூற்றாண்டின் வெள்ளிப் பெருக்கைப் பெரும்பாலும் சந்தையின் கதையாகவே எழுதுகிறார்கள். 1571இல் ஸ்பானியர் வசமான மணிலா வழியே அமெரிக்க வெள்ளி சீனாவுக்குப் பாய்ந்தது. 1581இல் மிங் அரசு வரிகளைத் திரட்டி வெள்ளியாகக் கட்டச் சொன்னது. ஐரோப்பாவில் விலைவாசி ஏறியது. எல்லாம் உண்மைதான். ஆயினும் அவ்வளவு வெள்ளி எப்படி அவ்வளவு மலிவாக மலையிலிருந்து இறங்கியது என்ற கேள்வி இதில் அமுங்கிப்போகிறது. இன்றைய பொலிவியாவில், 4,000 மீட்டர் உயரத்துக்கு மேலுள்ள பொத்தோசிச் சுரங்கத்தை வாழவைத்தது அரசாணை என்பதே என் வாதம். அந்த ஆணை உண்டாக்கிய சமூகமோ, அதைப் பிறப்பித்தவர் எண்ணிய சமூகமாக அமையவில்லை.

1545இல் வெள்ளி கண்டறியப்பட்ட பின் முதல் இருபதாண்டுகளில் மேற்பரப்புத் தாது வளமாக இருந்தது. அதை உருக்கும் நுட்பம் ஆண்டியப் பழங்குடிகளின் கையில் இருந்தது. காற்றடிக்கும் சரிவுகளில் சிறு உலைகளை மூட்டினார்கள். தாதுவில் தங்களுக்கும் ஒரு பங்கு கேட்டு வாங்கினார்கள். 1560களில் நல்ல தாது அருகியது. தரம் குறைந்த தாதுவிலிருந்து பாதரசத்தால் வெள்ளியைப் பிரிக்கும் முறை 1570களின் தொடக்கத்தில் வந்துசேர்ந்தது. பாதரசம் பெருவின் உவாங்காவெலிக்காவிலேயே கிடைத்தது. இனித் தாதுவை ஏராளமாக வெட்டி, சுமந்து, அரைக்க ஆள் வேண்டும். தாமாக வருவோர் கேட்கும் கூலியைக் கொடுத்தால் லாபம் மிஞ்சாது.

வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ 1573இல் இதற்கு வழிசெய்தார். இன்கா அரசின் முறைவேலை வழக்கமான ‘மித்தா’வைக் கையிலெடுத்து, 16 மாகாணங்களின் பழங்குடி ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் வரவேண்டும் என்று விதித்தார். ஏறத்தாழ 13,500 பேர். ஒரு வாரம் வேலை, இரு வாரம் ஓய்வு. கூலி உண்டு, வயிற்றுக்குப் போதாது. ஆகவே ஓய்வு வாரங்களில் அவர்களில் பலர் ‘மிங்கா’ என்னும் கூலியாட்களாக, கூடுதல் கூலிக்கு மறுபடியும் சுரங்கத்தில் இறங்கினார்கள். கட்டாய உழைப்பையும் கூலிச் சந்தையையும் எதிரெதிராக வைத்துப் பழகிய நமக்கு இது முக்கியமான சான்று. ஒரே மனிதன் ஒரே மாதத்தில் இரண்டுமாக இருந்தான். அவனுக்கும் உடன்வந்த குடும்பத்துக்கும் குறைந்த உணவை, அவன் விட்டுவந்த ஊர் ஈடுசெய்தது.

ஊர்களால் தாங்க முடியவில்லை. முறைவேலைக் கடமை ஒருவர் பிறந்த ஊரோடு கட்டப்பட்டிருந்தது. வேறிடம் குடிபெயர்ந்தவர் ‘ஃபொராஸ்தெரோ’, அதாவது அயலார் எனப் பதிவாகி அதிலிருந்து தப்பினார்; சொந்த ஊர் நிலத்தின் மீதிருந்த உரிமையை இழந்தார். ஆள் தேடிய பண்ணைகள் அவரை ஏற்றுக்கொண்டன. எஞ்சியோர் மீது சுமை ஏற, மேலும் பலர் கிளம்பினார்கள். ஆள் குறைந்தபோது குராகாக்கள் எனப்பட்ட ஊர்த்தலைவர்கள் பதிலுக்கு வெள்ளி கட்டினார்கள். சுரங்க உடைமையாளர் சிலர் ஆளே வைக்காமல் அந்தப் பணத்தையே வருமானமாக்கிக்கொண்டனர். இந்தக் கட்டத்தில் மித்தா, தொழிலுக்கு ஆள் தரும் ஏற்பாடு என்ற நிலையை விட்டு ஊர்களிடமிருந்து பணம் கறக்கும் ஏற்பாடாகிவிட்டது.

1683இல் தொடங்கிய கணக்கெடுப்பில் பழங்குடி ஆண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் அயலாராக இருந்தனர். வைஸ்ராய் லா பலாத்தா அவர்களையும் முறைவேலையில் சேர்க்க முயன்றார். எதிர்ப்பு வலுத்தது, அடுத்த வைஸ்ராய் 1692இல் பின்வாங்கினார். மித்தாவைச் சட்டப்படி ஒழிக்க 1812இல் காதிஸ் நாடாளுமன்றம் கூட வேண்டியிருந்தது.

தென்பெருவில் மித்தா எல்லைக்குள் இருந்த பகுதிகளில் இன்றும் குடும்ப நுகர்வு ஏறத்தாழ 25 சதவீதம் குறைவு என்று மெலிசா டெல் 2010இல் காட்டினார். பெரும்பண்ணைகள் அங்கே தடுக்கப்பட்டதையும் சாலைகள் குறைந்ததையும் அவர் காரணமாக்குகிறார். வலுவான ஆய்வு. ஆனால் எல்லையை அளவுகோலாக்கும்போது, அதைக் கடந்து போனவர்களின் சந்ததி மறுபுறத்துக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மித்தாவின் விளைவை அறிய, ஆள் அனுப்பிய ஊர்களோடு அயலார் குடியேறிய பள்ளத்தாக்குகளின் தேவாலயத் திருமணப் பதிவேடுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.