கொங்குநாட்டு வழிகளும் வழிப்போக்கர் தங்கிடங்களும்

முன்னுரை

பொருளின்றி நெடுவழி நடப்பவனுக்கு, இன்ன வழியே செல்க, இன்னாரிடம் உணவும் உறையுளும் பெறுக என்று வழிகாட்டுதற்கென்றே தனியோர் இலக்கிய வகையை வளர்த்த மொழி தமிழ். ஆற்றுப்படை நூல்களைப் புலவர்தம் வறுமைக்கும் புரவலர்தம் வண்மைக்கும் சான்றாக நாம் கற்று வருகின்றோம். அவை வழிநடைக் கையேடுகளும் ஆகும் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். மலைபடுகடாம் வழியில் உள்ள இடர்களையும், இடைப்பட்ட ஊர்களில் கிடைக்கும் விருந்தையும் நிரல்பட உரைக்கின்றது. அந்நூல் காட்டும் உலகில், வழிப்போக்கன் தன் இரவுக்கு விலை கொடுப்பதில்லை. அவன் இரவுக்குரிய செலவைப் பிறர் ஏற்கின்றனர்.

இவ்வழக்கம் பின்னர் எவ்வாறு நிலைபெற்றது? எப்பொழுது, எக்காரணத்தால் மாறியது? இவ்வினாக்களைக் கொங்குநாட்டை எல்லையாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். தங்கிடம் ஒன்றைப் பற்றி வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. அதன் செலவை ஏற்றவர் யார் என்பது ஒன்று. அதன் கதவு யாருக்குத் திறந்தது என்பது மற்றொன்று. முதல் வினாவை மட்டும் கேட்பார்க்குப் பழமை முழுவதும் பொற்காலமாகத் தோன்றும். இரண்டாவதை மட்டும் கேட்பார்க்கு அது முழுவதும் இருளாகத் தோன்றும். இரண்டையும் ஒருங்கே கேட்டலே முறை.

1. வழிகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியில் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய் ஒன்றே. மேலைக் கடற்கரையிலிருந்து கீழைச் சமவெளிக்கு வருவோர் மலையேறாது வருதற்குரிய வழி அது. அதனால் கொங்குநாடு வழிகளின் நாடாயிற்று. நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் நிகழ்த்திய அகழாய்வுகள் மணி செய் தொழிற்கூடங்களையும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளையும் வெளிப்படுத்தின. அவ்வோடுகளில் வடமொழிச் சாயல் கொண்ட ஆட்பெயர்களும், வணிகர் குழுவைக் குறிக்கும் ‘நிகம’ என்னும் சொல்லும் காணப்படுகின்றன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-லும் 1891-லும் உரோம நாணயப் புதையல்கள் கிடைத்தன. அயலவர் வந்து தங்கிய நாடு இது என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

கோவைக்குத் தென்மேற்கே, கணவாயை நோக்கிய மலைப்புறத்தில், இராசகேசரிப் பெருவழி என்று வழியின் பெயரையே கூறும் கல்வெட்டு ஒன்று உள்ளது. வட்டெழுத்திலும் தமிழெழுத்திலும் அமைந்த அதனை முதலாம் ஆதித்த சோழன் காலத்ததாக அறிஞர் கொள்வர். ஒரு வழிக்கு அரசனின் பட்டப்பெயரை இட்டு, அதனை இருவகை எழுத்தில் பொறித்தமை, வழியைப் பேணுதல் அரசின் கடமையாகக் கருதப்பட்டதை உணர்த்தும்.

2. கற்படுக்கையும் தாவளமும்

பிறர் பொருட்டுப் படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தி கொங்கில் மிகப் பழமையானது. கருவூருக்கு வடமேற்கே புகளூரை அடுத்த ஆறுநாட்டார் மலையில், செங்காயபன் என்னும் சமண முனிவர்க்கு உறையுள் அமைக்கப்பட்டதைத் தமிழ் பிராமிக் கல்வெட்டுத் தெரிவிக்கின்றது. அதனை அமைத்தவன் சேர இளவரசன் இளங்கடுங்கோ. அதே மலையில் கருவூர்ப் பொன் வாணிகன் முதலியோர் அளித்த கொடைகளும் குறிக்கப்பட்டுள்ளன. துறவியர் உறையுளும் வழிப்போக்கர் தங்கிடமும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். எனினும் படுப்பவன் ஒருவன், செலவை ஏற்பவன் வேறொருவன் என்னும் அமைப்பு இரண்டற்கும் பொது. பிற்காலச் சத்திரங்களின் அடிப்படை இவ்வமைப்பே.

தருமபுரி மாவட்டத்தில் கிடைத்துள்ள அதியமான் பெருவழிக் கற்கள் இங்கு நினைத்தற்குரியன. அவை நாவற்தாவளம் என்னும் இடத்திற்கு உள்ள தொலைவைக் காத அளவில் கூறுவன. ஒரு கல்லில் 29 காதம் என்பது எழுத்தால் மட்டுமன்றி, இரண்டு பெருங்குழிகளாலும் ஒன்பது சிறுகுழிகளாலும் காட்டப்பட்டுள்ளது. எழுத்தறியாதவனும் விரலால் தொட்டுத் தொலைவை அறியலாம். தாவளம் என்பது வணிகச் சாத்துகள் தங்கும் இடத்தைக் குறிக்கும் சொல். அரசனின் தலைநகர்க்கோ கோயிலுக்கோ அன்றித் தங்குமிடம் ஒன்றற்கு வழியளந்த கல் இது. வழிப்போக்கன் முதலில் அறிய விரும்புவது எது என்பதை அக்கல்லை நாட்டியவர் நன்கு அறிந்திருந்தனர்.

3. ஊர்ப்பெயர்ச் சான்று

கல்வெட்டு இல்லாத இடத்தில் ஊர்ப்பெயர் பேசும். கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனிக்கும், அங்கிருந்து திண்டுக்கல்லுக்கும் செல்லும் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். உடுமலைக்கும் பழனிக்கும் இடையே மடத்துக்குளம். பழனிக்கு அப்பால் சத்திரப்பட்டி. அதற்கும் அப்பால், பழனியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ஒட்டன்சத்திரம். ஒரே சாலையில், பழனிக்கு இருபுறமும், காவடி எடுத்து நடப்பவன் ஒரு நாளில் கடக்கத்தக்க தொலைவிற்குள், மடமும் சத்திரமும் ஊர்களாகவே நிற்கின்றன. இவை தற்செயலாக அமைந்தன என்று கொள்ளுதற்கில்லை. சத்திரம் முன்னே தோன்ற, ஊர் பின்னே வளர்ந்தது என்று கொள்ளுதலே பொருத்தமாகும்.

ஈரோட்டுக்கும் கொடுமுடிக்கும் இடையே சாவடிப்பாளையம் உள்ளது. கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் வழியில், முன்னர்க் கூறிய பெருவழியின் போக்கிலேயே, கந்தே கவுண்டன் சாவடி உள்ளது. கோவை பீளமேட்டை அடுத்துத் தண்ணீர்ப்பந்தல் என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. ஆனால் சாவடி என்னும் சொல்லைக் கண்ட அளவில் தங்கிடம் எனத் துணிதல் கூடாது. ஊர்ப் பொதுமன்றம், வரி தண்டும் இடம், வழிப்போக்கர் கூடம் என்னும் மூன்று பொருளும் அதற்கு உண்டு. ஆங்கிலேயர் தம் மொழியில் தங்கிடத்திற்கு வழங்கிய ‘சௌல்ட்ரி’ என்பதும் இச்சொல்லின் திரிபே. இன்றைய வழக்கில் இச்சொல் சோதனைச் சாவடி, சுங்கச் சாவடி என்னும் தொடர்களில் பெரிதும் வாழ்கின்றது. வழிப்போக்கனுக்கு இடங்கொடுத்த சொல், அவனைத் தடுத்து நிறுத்தும் இடத்திற்கும் கட்டணம் வாங்கும் இடத்திற்கும் உரியதாகச் சுருங்கிவிட்டது. நம் ஆய்வுப் பொருளின் வரலாறு முழுவதும் இவ்வொரு சொல்லின் பொருள் மாற்றத்தில் அடங்கியுள்ளது எனலாம்.

4. அறநிலமும் அரசும்

சத்திரம் என்னும் சொல் வேள்வியைக் குறித்த வடசொல்லினின்றும் வந்து, அன்னமிடும் இடத்தைக் குறிப்பதாயிற்று. நாயக்கர் காலத்தில் இந்நிறுவனம் பெருகியது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளாலும் சத்திரங்களாலும் நினைக்கப்படுபவர். சத்திரத்தின் உயிர்நிலை கட்டடத்தில் இல்லை; அதற்கு விடப்பட்ட நிலத்தில் இருந்தது. நிலத்தின் விளைவு சோறாயிற்று. அந்நிலத்திற்குரிய வரியை அரசு விட்டுக்கொடுத்தது. எனவே ஒருவன் ஓரிரவு விலையின்றித் தங்கியபோது, அச்செலவைக் கொடையாளியும் உழுதவனும் வரியிழந்த அரசும் பகிர்ந்து ஏற்றனர்.

ஆங்கில ஆட்சியில் இவ்வேற்பாடு சட்டத்தின் கீழ் வந்தது. சென்னை மாகாணத்தின் 1817-ஆம் ஆண்டு 7-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், கோயில்களுக்கும் மசூதிகளுக்கும் உரிய கொடைகளோடு, பாலங்கள், சத்திரங்கள் ஆகியவற்றின் பேணுகையையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. 1858-இல் அமைந்த இனாம் ஆணையம் இறையிலி நிலங்களின் உரிமைகளை ஆராய்ந்து வரையறுத்தது. 1871, 1884 ஆகிய ஆண்டுகளின் உள்ளாட்சிச் சட்டங்களுக்குப் பின் பல சத்திரங்கள் உள்ளாட்சிக் கழகங்களின் பொறுப்பில் வந்தன. அவற்றோடு முசாபரி பங்களாக்களும் எழுந்தன. இவை பெரும்பாலும் அலுவலர்க்கும் ஐரோப்பியர்க்கும் பயன்பட்டன. இவ்வாறு ஒரே கழகத்தின் கீழ், நடந்து வந்தவனுக்கு ஒரு கூரையும் வண்டியில் வந்தவனுக்கு வேறு கூரையும் அமைந்தன.

விடுதலைக்குப் பின், 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம் தங்கிடங்களையும் சத்திரங்களையும் அறக்கொடைகளின் வரையறையில் சேர்த்தது. 1963-ஆம் ஆண்டுச் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் இறையிலி நிலங்களை இரயத்துவாரி முறைக்கு மாற்றியது. நிலச் சீர்திருத்த நோக்கில் அது தேவையான சட்டம். ஆயினும் வரியை விட்டுக்கொடுத்து வழிப்போக்கனை ஓம்பும் பழைய முறை அதனோடு முடிவுற்றது.

5. கதவு யாருக்குத் திறந்தது?

இதுகாறும் கூறியன முதல் வினாவிற்கு விடை. இரண்டாம் வினாவிற்கு வருவோம். விலையில்லாத் தங்கிடம் அனைவர்க்கும் உரிய தங்கிடமாக இருந்ததா எனில், இல்லை என்றே கூற வேண்டும். சில சத்திரங்களில் அந்தணர்க்கு மட்டுமே உணவிடப்பட்டது. சில ஒரு சாதியார்க்கே உரியனவாக இருந்தன. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டோர் பெரும்பாலான சத்திரங்களின் வாயிலைக் கடக்க இயலவில்லை. அவர்கள் சாலையில் நடந்தனர். சுமைதாங்கிக் கல்லில் சுமையை இறக்கினர். இரவில் மரத்தடியில் கிடந்தனர். கொடையின் பெருமையைப் பேசும் நாம் இதனை மறைத்தல் வரலாற்றுக்கு இழைக்கும் பிழையாகும்.

ஈரோட்டில் பிறந்த பெரியார் ஈ. வெ. இராமசாமி, இளமையில் வீட்டை விட்டுக் காசிக்குச் சென்றபோது, அன்னசத்திரத்தில் அந்தணர் அல்லாதவர் என்பதால் உணவு மறுக்கப்பட்டதையும், அச்சத்திரத்தைக் கட்டியவர் தமிழ்நாட்டைச் சார்ந்த அந்தணர் அல்லாத வணிகர் என்பதை அவர் அறிந்ததையும் அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். உணவு விடுதிப் பலகைகளில் சாதிப் பெயர் இருத்தலை எதிர்த்து 1957-இல் அவர் நடத்திய கிளர்ச்சியை இந்நிகழ்ச்சியோடு இணைத்துப் பார்த்தல் தகும். இடையில் சட்டம் படிப்படியாகக் கதவைத் திறந்தது. 1938-இல் சென்னை மாகாணத்தில் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு விடுதிகளில் நுழையும் உரிமையை உறுதி செய்தது. 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் தருமசாலை, சராய், முசாபர்கானா என்று தங்கிடங்களைப் பெயர் சுட்டியே குறித்தது. ஓரிரவு உறக்கத்திற்கு ஒரு நாட்டின் சட்டம் இத்துணை முறை பேச வேண்டியிருந்தது என்பதே பழைய நிலையின் கொடுமையைக் காட்டும்.

6. இருப்புப்பாதையும் கட்டண விடுதியும்

சட்டம் கதவைத் திறந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. சென்னையிலிருந்து மேலைக் கடற்கரைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1862-இல் போத்தனூர் வழியாக நிறைவுற்றது. போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையத்திற்கு 1873-இல் பாதை அமைந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும், உதகைக்கு 1908-லும் மலைப்பாதை சென்றது. பல நாள் நடை சில மணி நேரப் பயணமாயிற்று. சாலையோரச் சத்திரம் தன் விருந்தினரை இழந்தது. தங்கும் தேவை வழியை விட்டு நீங்கி, நிலையத்தையும் நகரத்தையும் சூழ்ந்தது.

கோவையில் முதல் நூற்பாலை 1888-இல் எழுந்தது. 1932-இல் பைக்காரா மின்னாற்றல் பிறந்தபின் ஆலைகள் விரைந்து பெருகின. பஞ்சு வாங்க வந்தோரும், நூல் விற்க வந்தோரும், வேலை தேடி வந்தோரும் ஆகப் புதியதொரு வழிப்போக்கர் கூட்டம் தோன்றியது. இவர்களுக்கு ஊரில் உறவினர் இல்லை. சாதிச் சத்திரம் இருந்தாலும் பலர்க்கு அது உரியதன்று. கையில் காசு இருந்தது. அக்காசுக்கு இடங்கொடுத்தது லாட்ஜ். உண்டியும் உறையுளும் விலைக்கு வந்தன. பெயரையும் ஊரையும் பதிவேட்டில் எழுதி முன்பணம் கட்டியவனுக்கு அறை கிடைத்தது. 1971-இல் தோன்றிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் வழி அரசும் கட்டண விடுதி நடத்தும் நிலைக்கு வந்தது.

நாணயம் சாதியை முற்றும் ஒழித்துவிட்டது என்று நாம் கூறவில்லை. எனினும் கொடையின் கதவு திறவாத பலர்க்கு விலையின் கதவு திறந்தது. அதே வேளையில், விலை கொடுக்க இயலாதவனுக்கு அது மூடியே இருந்தது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் விளங்குவது யாது? பழங்கொங்கில் தங்கிடத்தின் செலவு வழிப்போக்கன் தலையில் விழவில்லை. ஆனால் கதவு பலர்க்கு அடைத்திருந்தது. இன்று கதவு சட்டத்தால் அனைவர்க்கும் திறந்துள்ளது. செலவு முழுவதும் வழிப்போக்கன் தலையில் விழுந்துள்ளது. அரசின் நிலையிலும் மாற்றம் தெளிவாகத் தெரிகின்றது. முன்னாளில் அரசு வரியை விட்டுக்கொடுத்துத் தங்கிடத்தைக் காத்தது. நம் நாளில், நாளொன்றுக்கு 1000 ரூபாய் வரை கட்டணம் உள்ள அறைகளுக்கு இருந்த வரிவிலக்கு 2022 சூலை 18-ஆம் நாள் நீக்கப்பட்டு, 12 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. எளியவன் அறைக்கு வரி உண்டு என்னும் கொள்கை மட்டும் நிலைத்துவிட்டது.

கோவை மருத்துவமனைகளுக்கு நோயாளியோடு வருவோரும், திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை நாடி வருவோரும், தேர்வெழுத வரும் மாணவரும் இன்றைய வழிப்போக்கர். இவர்களுள் கைப்பொருள் குறைந்தோர்க்கு இரவு எங்கே என்னும் வினா இன்னும் விடை பெறவில்லை. பழனி போன்ற தலங்களில் கோயில் நடத்தும் விடுதிகள் பழைய மரபின் ஒரு கூற்றைக் காத்து வருகின்றன. ஆனால் நோயுற்றார்க்குத் துணை வந்தவனும் வேலை தேடி வந்தவனும் திருத்தல வழிபாட்டினர் அல்லர்.

பழைய கொடையும் புதிய உரிமையும் ஒருங்கே அமைந்த தங்கிடம் நம் வரலாற்றில் அரிதினும் அரிது. அவ்விரண்டையும் இணைத்தல் இயலாதது என்று கருத வேண்டுவதில்லை. எழுத்தறியாதவன் விரலுக்கும் தொலைவு தெரியுமாறு கல்லில் குழி வெட்டியவர் இப்புலத்தில் வாழ்ந்தனர். சத்திரங்களின் ஆவணங்களையும், இனாம் பதிவேடுகளையும், சாவடி, சத்திரம், மடம் என முடியும் ஊர்ப்பெயர்களையும் வட்டம்தோறும் தொகுத்து ஆராயும் பணி இளைய ஆய்வாளரை எதிர்நோக்கி நிற்கின்றது. அப்பணி நிறைவுறின், யார் எங்கே தங்கினர் என்பதோடு, யார் தங்க இயலாது போயினர் என்பதும் தெளிவாகும்.