கால்வாய் வாசலில் கட்டிக்கொள்ள ஓர் இடம்

கீல் கால்வாயின் விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. உல்லாசப் படகுகள் பகலில் மட்டுமே அதில் ஓடலாம். இருட்டுவதற்குள் அனுமதிக்கப்பட்ட சில இடங்களில் ஒன்றுக்குப் போய்க் கட்டிவிட வேண்டும். சரக்குக் கப்பல்களுக்கு அந்தக் கவலை இல்லை, அவை ராத்திரி முழுக்க ஓடும். கால்வாயின் நீளம் 98 கிலோமீட்டர். வேக வரம்பு மணிக்கு 15 கிலோமீட்டர், ஆனால் சின்னப் பாய்மரப் படகின் என்ஜின் பத்தைத் தொட்டாலே பெரிய விஷயம். பாயை மட்டும் நம்பிப் போகவும் அனுமதி கிடையாது. ஜூன் மாதமென்றால் விடிகாலையில் கிளம்பி ஒரே பகலில் முடித்துவிடலாம். செப்டம்பர் கடைசியில்? வாசலிலேயே இரண்டு மணி நேரம் காக்க வைத்துவிட்டால்?

ராத்திரி எங்கே தங்குவது என்ற இந்தச் சின்னக் கேள்விதான் என்னை அந்தக் கால்வாயின் வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போனது.

ஜெர்மனியின் வடக்கே, வட கடலையும் பால்டிக் கடலையும் இணைக்கிற கால்வாய் இது. மேற்கு வாசல் எல்ப நதி முகத்தில் இருக்கும் புருன்ஸ்பூட்டல். கிழக்கு வாசல் கீல் நகரத்தின் ஹோல்டனாவ். டென்மார்க்கின் வட முனையைச் சுற்றிப் போகிற நீண்ட பயணத்தை இது மிச்சப்படுத்துகிறது. இரண்டு வாசலிலும் 'லாக்' இருக்கிறது. லாக் என்றால் இரண்டு பக்கமும் கதவுள்ள பெரிய தண்ணீர்த் தொட்டி. கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ மறுபக்கத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள்.

ஹாம்பர்கில் இருந்த காலத்தில் ஒருமுறை புருன்ஸ்பூட்டல் போய்ப் பார்வையாளர் மேடையில் அரை நாள் நின்றேன். எல்ப அங்கே ஆறு மாதிரியே இல்லை. கடல் ஏறி இறங்குவதில் தண்ணீர் மட்டம் ஏறத்தாழ 3 மீட்டர் மாறும். நீரோட்டம் ஒரு சின்னப் படகை அப்படியே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். ஹாம்பர்குக்குப் போகும் கன்டெய்னர் கப்பல்கள் வேறு எழுப்பிவிடும் அலை. இதற்கு நடுவே நாலைந்து பாய்மரப் படகுகள் வட்டமடித்துக்கொண்டே இருந்தன. எல்லோர் கண்ணும் சிக்னல் கம்பத்தில். ஒரு வெள்ளை விளக்கு விட்டு விட்டு எரிந்தால்தான் உல்லாசப் படகுகள் உள்ளே வரலாம். பெரிய கப்பல்கள் எல்லாம் போன பிறகுதான் அந்த விளக்குக்கு முறை வரும்.

உள்ளே நுழைந்து லாக்கைத் தாண்டினால், பழைய லாக்குகளை ஒட்டியே சின்னதாக ஒரு படகுத்துறை. கோடையில் ஒரு படகோடு இன்னொன்று, அதோடு மற்றொன்று என்று அடுக்கிக் கட்டுகிறார்கள். கரைக்குப் போக வேண்டுமானால் அடுத்தவர் படகின் மேல்தளத்தைக் கடந்துதான் போக வேண்டும். லாக்கின் விளக்கு வெளிச்சம் ராத்திரி முழுக்க அணைவதில்லை. ஒரு கல்லெறி தூரத்தில் இரும்புச் சுவர் ஒன்று நகர்ந்து போகும், அதுதான் கப்பல். இதைத் துறை என்பதைவிட, பெரிய வீட்டுத் திண்ணையில் வழிப்போக்கனுக்கு ஒதுக்கிய மூலை என்று சொல்லலாம்.

அது மூலையாகிப்போனதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கால்வாயை வெட்ட வைத்ததே கடற்படை. 1887இல் ஹோல்டனாவில் அடிக்கல் நாட்டியவர் முதலாம் வில்ஹெல்ம். 1895 ஜூனில் திறந்து வைத்தவர் அவருடைய பேரன் இரண்டாம் வில்ஹெல்ம். ஜெர்மன் போர்க்கப்பல்கள் டென்மார்க்கைச் சுற்றாமல் இரண்டு கடலுக்கும் போய்வர வேண்டும், அவ்வளவுதான். பத்தே வருடத்தில் போர்க்கப்பல்கள் கால்வாயைவிடப் பெருத்துவிட்டன. 1907இல் அகலப்படுத்தத் தொடங்கி, 310 மீட்டர் நீளமும் 42 மீட்டர் அகலமும் உள்ள புதிய லாக்குகளைக் கட்டி, 1914 ஜூன் 24 அன்று மறுபடி ஒரு திறப்பு விழா. நான்கு நாள் கழித்து, ஜூன் 28 அன்று, கீல் விழாவில் தன் பந்தயப் படகான 'மீட்டியோர்' மேல் இருந்த பேரரசருக்கு சரயேவோ கொலைச் செய்தியை ஒரு சிறு படகில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவரும் படகுப் பிரியர்தான், ஆனால் ராத்திரி எங்கே கட்டுவது என்று தேட வேண்டிய நிலை அவருக்கு வந்திருக்காது.

போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தம், ஜெர்மனியோடு சமாதானமாக உள்ள எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் கால்வாயைத் திறந்துவிடச் சொன்னது. 1921இல் போலந்துக்கான ஆயுதங்களோடு வந்த 'விம்பிள்டன்' கப்பலை ஜெர்மனி தடுக்க, 1923இல் பன்னாட்டு நீதிமன்றம் தடுத்தது தப்பு என்றது. கடந்து போகும் உரிமைக்கு இப்படிப் பெரிய வழக்கெல்லாம் நடந்திருக்கிறது. தங்கும் உரிமை பற்றி யாரும் வழக்குப் போட்டதாக நான் படித்ததில்லை.

சரி, வழியில் எங்கே தங்கலாம்? பட்டியலை வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. துக்கர்ஸ்விஷ், கப்பல்கள் ஒதுங்குவதற்காக அகலப்படுத்திய இடம். அதை விடுங்கள். அடுத்து கீஸலாவ் கால்வாயின் முகப்பு, ரெண்ட்ஸ்பர்க் ஊரின் மேல் ஐடர், போர்க்ஸ்டெட்ட ஏரி, ஃப்ளெம்ஹூட ஏரி. கீஸலாவைத் தவிர இவை எல்லாமே இன்றைய கால்வாய்க்கு முந்தைய ஒரு நீர்வழியின் உடைந்த துண்டுகள்!

அந்த வழியின் பெயர் ஐடர் கால்வாய். டென்மார்க் அரசர் ஏழாம் கிறிஸ்டியான் காலத்தில், 1777 முதல் 1784 வரை வெட்டியது. ஒரு பகுதி வெட்டிய கால்வாய், மீதி ஐடர் ஆறு. ஆறு லாக்குகள், ஒவ்வொன்றும் 35 மீட்டர் நீளம். காற்று இல்லாத இடங்களில் கரையிலிருந்து குதிரைகள் கப்பலை இழுத்தன. கடந்து முடிக்க மூன்று நான்கு நாளாகும் என்பதால், வழியில் தங்குவது அந்தப் பயணத்திலேயே அடங்கியிருந்தது. 1881இல் ஜூல் வெர்ன் தன் 'சான் மிஷேல் 3' நீராவிப் படகில் ராட்டர்டாமிலிருந்து கோபன்ஹேகன் போனது இந்த வழியாகத்தான். பயணத்தை எழுதியவர் அவருடைய தம்பி பால்.

புதுக் கால்வாய் நேர்கோட்டில் போக ஆசைப்பட்டது. வளைவுகளை வெட்டி எறிந்தது. போர்க்ஸ்டெட்டில் இன்று படகுகள் நங்கூரமிடும் அமைதியான தண்ணீர், ஐடரின் பழைய வளைவு. ஃப்ளெம்ஹூட ஏரியின் நீர்மட்டம் 7 மீட்டர் இறங்கி, ஏரியே சுருங்கிப்போயிற்று. ரெண்ட்ஸ்பர்கில் மேல் ஐடருக்கும் கீழ் ஐடருக்கும் இடையே இருந்த லாக்கை 1937இல் மூடிவிட்டு, அதற்குப் பதிலாகத் தோண்டியதுதான் கீஸலாவ். பெரிய கப்பலுக்கு இவை எதுவும் தேவையில்லை. தேவையில்லை என்பதால்தான் சின்னப் படகுக்குக் கிடைத்தன.

எர்ஸ்கின் சில்டர்ஸ் 1903இல் எழுதிய 'தி ரிடில் ஆஃப் தி சாண்ட்ஸ்' நாவலில் 'டல்சிபெல்லா' என்ற படகு இந்தக் கால்வாயை இரண்டு நாளில் கடக்கும். சில்டர்ஸே 1897இல் 'விக்சன்' என்ற சின்னப் படகில் பால்டிக் வரை போனவர். உளவுக் கதை என்று ஆரம்பித்தால், பக்கத்துக்குப் பக்கம் நங்கூரம் எங்கே பிடிக்கும், தண்ணீர் எப்போது வற்றும் என்றே போகும். பலருக்கு அது அலுப்பு. எனக்கு அதுதான் நாவல்.

கிழக்கு வாசலான ஹோல்டனாவில் நிலைமை இப்போது கொஞ்சம் மோசம். 1895இன் சிறிய லாக்குகள் பழுதடைந்து 2014இல் மூடப்பட்டன. அதனால் படகுகளும் பெரிய லாக்கில்தான், சரக்குக் கப்பல்களின் வாலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. உள்ளே கட்டுவதற்கு மிதக்கும் மர நடைபாதை, தண்ணீரோடு ஒட்டினாற்போல் தாழ்வாக, பாசி பிடித்து வழுக்கும். வெளியே பால்டிக் பக்கம் ஓதம் அநேகமாக இல்லாததால் காத்திருப்பது எல்பவில் மாதிரி பயமாக இருக்காது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டீசன்காய் என்ற பழைய கல் கரையில் மரப் படகுகள் கட்டிக் கிடக்கும். பக்கத்திலேயே நிற்கிறது ஐடர் கால்வாய்க்காக 1783இல் கட்டிய சரக்குக் கிடங்கு.