அலைவாங்கியும் எர்த் கம்பியும்

வானொலி அலைகளைப் பெற வீட்டுக்கு வெளியே உயரத்தில் கட்டப்படும் கம்பி அலைவாங்கி, பேச்சு வழக்கில் ஏரியல், எனப்படும். நிலைமின்சாரமும் மின்னலும் அதன் வழியே வீட்டுக்குள் வராமல் தடுக்க, அதற்கு எர்த் எனப்படும் நிலத்தொடர்பு கொடுக்கப்படுகிறது. இந்தப் பாதுகாப்பின் வரலாறு வானொலிக்கும் முந்தையது.

1750ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்ளின் இரண்டு வகை இரும்புக் கோல்களைப் பற்றி எழுதினார். மேகங்களில் மின்சாரம் உண்டா என்று சோதிக்கும் கோல் மண்ணைத் தொடாமல் நிற்க வேண்டும். கட்டடத்தைக் காக்கும் கோல், அதாவது இடிதாங்கி, மண்ணோடு இணைந்திருக்க வேண்டும். தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. முதலாவது மின்னூட்டத்தைத் தேக்கும், இரண்டாவது மண்ணுக்குள் வடித்துவிடும்.

இந்த வேறுபாட்டின் கடுமையை ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பர்க் நகரில் கியோர்க் ரிக்மனின் மரணம் காட்டியது. அவர் தம் வீட்டுக் கூரையில் நிறுத்திய கோலிலிருந்து அறைக்குள் கம்பி இழுத்து, ஓர் அளவுகருவியுடன் இணைத்திருந்தார். அந்தக் கம்பிக்கு மண்ணோடு தொடர்பில்லை. 1753 ஆகஸ்ட் 6 அன்று இடிமுழக்கம் கேட்டு வீட்டுக்கு விரைந்த அவர் கருவியருகே குனிந்தபோது, மின்பொறி அவர் நெற்றியில் பாய்ந்தது. உடனே இறந்தார். உடன் இருந்த செதுக்கோவியர் சோகலோவ் உயிர் தப்பினார்.

அதே நகரில் 1895ஆம் ஆண்டு மே 7 அன்று அலெக்சாண்டர் போபோவ் தம் அலையுணர் கருவியைச் செய்து காட்டினார். உலோகத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயே அதன் உயிர்நாடி. தொலைவில் மின்னல் வெட்டினால் தூள் மின்சாரத்தைக் கடத்தும், மணி ஒலிக்கும். அக்கோடையில் வனவியல் நிறுவனத்தின் வானிலை நிலையத்தில் அது மின்னலைப் பதிவு செய்தது. குழாயின் ஒரு முனை உயரக் கம்பியோடும் மறுமுனை நிலத்தோடும் இணைந்திருந்தன. ரிக்மனிடம் இல்லாத நிலத்தொடர்பு இங்கே கருவியின் உறுப்பாகவே அமைந்தது.

பின்னாளில் வீட்டுக் கூரைகளில் கட்டப்பட்ட ஏரியல்களில் ரிக்மனின் ஆபத்து மீண்டும் தலைகாட்டியது. நிலத்தொடர்பற்ற நீண்ட கம்பியில், மின்னல் விழாமலே, வறண்ட காற்றும் தூசியும் மின்னூட்டத்தைச் சேர்க்கும். ஒலிபெருக்கியில் கரகரவென்று கேட்கும். சில வேளைகளில் பெட்டியின் நுழைவுப் பகுதியே பழுதாகும். இதற்காகக் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு வெளியிலேயே மின்னல் தடுப்பான் பொருத்துவார்கள். அதிலுள்ள சிறு இடைவெளியைத் தாண்டி மிகை மின்னழுத்தம் மண்ணுக்குப் போகும், வானொலிச் சைகை மட்டும் பெட்டிக்கு வரும். கத்திச் சுவிட்சால் ஏரியலை நேரே எர்த்துடன் சேர்த்துவிடுவதும் உண்டு. அதை மேகம் கூடும் முன்பே செய்ய வேண்டும். இடி இடிக்கும்போது கம்பியைத் தொடுவது ரிக்மன் செய்ததற்கு ஒப்பானது.

நேரடி மின்னலில் பல்லாயிரம் ஆம்பியர் பாயும் என்பதால் எந்தத் தடுப்பானும் பெட்டிக்கு உத்தரவாதம் தராது. எர்த் கம்பி தடிமனாகவும், குட்டையாகவும், கூரிய வளைவின்றியும் இருந்தால் சேதம் குறையும். பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. ஏரியலுக்குத் தனிக்கோல் அடித்தாலும், அதை வீட்டின் மின் எர்த்தோடு தடித்த கம்பியால் இணைக்க வேண்டும். இல்லையெனில் மின்னலின்போது இரு எர்த்துகளுக்கும் இடையே எழும் மின்னழுத்த வேறுபாடு, வானொலிப் பெட்டியின் வழியாகவே சமன்படப் பார்க்கும்.