தண்டவாளமா, தண்ணீர்ப் பாதையா?

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினத்திற்கு இரயிலில் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை சன்னலோரம் அமர்ந்து எண்ணிக்கொண்டே வாருங்கள்: எத்தனை வாய்க்கால்கள், எத்தனை மதகுகள், எத்தனை சிறு பாலங்கள்! நெல் விளையும் இந்தச் சமவெளியில் இரும்புப் பாதையும் தண்ணீரும் ஒன்றையொன்று குறுக்கிட்டபடியே செல்கின்றன. இவ்விரண்டில் நாட்டுக்கு எது முதலில் தேவை என்று 19ஆம் நூற்றாண்டில் பெரிய வழக்கே நடந்தது. மணிக்கு 320 கிலோமீட்டர் வேக இரயிலைப் பற்றி இன்று நாம் வாதாடும்போது, அந்தப் பழைய வழக்கை நினைத்துப் பார்ப்பது நல்லது.

வழக்கைத் தொடுத்தவர் ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர். காவிரியைவிடக் கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. ஆகவே வெள்ளம் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போக, தஞ்சை வயல்கள் காய்ந்துவந்தன. காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையையும், அணைக்கரையில் கீழணையையும் கட்டி அந்நிலையை மாற்றினார். மணலின்மேல் அணை கட்டும் நுட்பத்தை நம் கல்லணையைப் பார்த்துக் கற்றதாக அவரே மனந்திறந்து ஒப்புக்கொண்டவர்.

அந்தக் காட்டன்தான் இரயிலுக்கு எதிராகக் குரல் கொடுத்தார். அவர் வாதம் எளியது. குடியானவனுக்கு வேண்டியது விரைவு அன்று, மலிவு. நெல் மூட்டை ஒரு நாள் முன்னே போனால் என்ன, பின்னே போனால் என்ன? கூலி குறைவாக இருந்தால் போதும். படகு ஓடும் கால்வாய் வெட்டினால் சுமையும் போகும், வயலும் பாயும்.

இதில் அறிவியல் உண்மை உண்டு. மெதுவாகச் செல்லும் படகுக்கு நீர் தரும் தடை மிகக் குறைவு. மண்சாலையில் வண்டி மாடுகள் இழுக்கும் சுமையைப்போலப் பல மடங்கை, அதே மாடுகள் கரையோரம் நடந்தபடி படகில் இழுத்துவிடும். ஆனால் வேகத்தைக் கூட்டினால் தடையும் கிடுகிடுவென ஏறிவிடும். நீர்ப்பாதை மலிவுக்கு உகந்தது, விரைவுக்கு உகந்ததன்று.

அரசு இரயிலையே தேர்ந்தெடுத்தது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து வண்டி விடத் தொடங்கி, 1862இல் திருச்சியை எட்டியது. நீளம் ஏறக்குறைய 125 கிலோமீட்டர். போட்ட முதலுக்கு 5 விழுக்காடு வட்டி நிச்சயம் என்று அரசு உறுதி கூறியிருந்தது. வருமானம் குறைந்தால் துண்டு விழுவதைக் கட்டுவது யார்? வரி செலுத்திய நம் முன்னோர்தாம்.

அடுத்த சிக்கல் பாதையின் அகலம். முதலில் 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை போட்டார்கள். 1870இல் செலவைக் குறைக்க மீட்டர் பாதை என்று அரசு முடிவெடுத்தது. 1875இல் நாகப்பட்டினம் பாதையைப் பெயர்த்து மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். பிறகு 120 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, திருச்சி–தஞ்சைப் பாதை மீண்டும் அகலமாயிற்று. விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதை 2010இலும், திருவாரூர்–காரைக்குடிப் பாதை 2019இலும் மாறி முடிந்தன. ஒரே பாதைக்கு மூன்று முறை செலவு!

1876–78இல் தென்னாட்டைப் பெரும் பஞ்சம் தாக்கியது. இரயில் தானியத்தைக் கொண்டுவந்தது. விலை அதிகம் கிடைக்கும் இடத்திற்கு அதே இரயில் தானியத்தைக் கொண்டும் போனது. 1878இல் இலண்டனில் பாராளுமன்றக் குழு ஒன்று காட்டனை விசாரித்தது. அவர் திட்டம் ஏற்கப்படவில்லை. அதற்கும் காரணங்கள் இருந்தன. ஆடியில் கரைபுரளும் நம் ஆறு சித்திரையில் மணற்பரப்பாகிவிடும். அப்போது படகு எங்கே ஓடும்? கர்நூல்–கடப்பா கால்வாய் நட்டத்தில் மூழ்கி, 1882இல் அரசே அதை வாங்க நேர்ந்தது. காட்டன் சொன்னது அனைத்தும் சரியன்று, தவறும் அன்று.

பின்னர் தஞ்சை மாவட்ட போர்டே சொந்தமாக இரயில் பாதை போட முன்வந்தது. நிலத்தின் மீது கூடுதல் தீர்வை விதித்துப் பணம் திரட்டினார்கள். 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு வண்டி ஓடிற்று. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். டெல்டாவில் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. நாகப்பட்டினம் பாதை ஓரளவு அதன் போக்கிலேயே செல்கிறது. மாயவரம் பாதையோ வடக்கிலிருந்து தெற்காக, அரசலாறு, வெட்டாறு ஆகியவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. மண்மேடு போட்டுப் பாதை அமைத்தால் அதுவே நீளமான ஓர் அணையாகிவிடும். பாலமும் மதகும் போதாவிட்டால் ஒருபுறம் சம்பாப் பயிர் மூழ்கும்.

இனி இன்றைய வழக்குக்கு வருவோம். மும்பை–அகமதாபாத் அதிவேகப் பாதைக்கு 2017இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நீளம் 508 கிலோமீட்டர். தொடக்க மதிப்பீடு 1.08 லட்சம் கோடி ரூபாய். பெரும்பங்கு ஜப்பானியக் கடன். பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர்; நம் மற்றப் பாதைகளோடு சேராது. பால்கர் மாவட்ட உழவர்கள் நிலம் தர எதிர்த்தார்கள்.

வேக இரயிலுக்கு ஏன் இவ்வளவு நிலப் பூசல்? வேகம் நான்கு மடங்கானால், பாதை வளைவின் ஆரம் பதினாறு மடங்காக வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு குளத்தையோ தோப்பையோ சுற்றிப் போகலாம். 320 கிலோமீட்டர் வேக வண்டி நேராகத்தான் போகும். காற்றுத் தடையும் அதேபோல் பதினாறு மடங்கு. அதற்கேற்ப மின்சாரச் செலவும் கூடும். ஆனால் ஒரு நன்மையும் உண்டு. அந்தப் பாதையின் பெரும்பகுதி தூண்களின் மேல் செல்கிறது. தண்ணீர் அடியில் தாராளமாகப் பாயும். டெல்டாவின் மண்மேடுகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

வேகம் தீமை என்று சொல்லவில்லை. 1964இல் ஜப்பான் தொடங்கிய அதிவேக இரயில், நெருக்கமான நகரங்களிடையே பெரும்பயன் தந்தது. ஆனால் எங்கே புதிய பாதை பேசப்பட்டாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இது எதை ஏற்றிச் செல்லும்? துண்டு விழுந்தால் யார் கட்டுவார்? பழைய பாதைகளோடு சேருமா? தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறதா? காவிரிக் கரையில் அன்று இவற்றுக்குத் தாமதமாக விடை கண்டதால்தான், ஒரே பாதைக்கு மூன்று முறை பணம் கொடுத்தோம்.