ஒரு படைக்கு இரு தலைமை: பாராமகால், 1768

1958ஆம் ஆண்டில் ராபர்ட் வைஸின் இயக்கத்தில் வெளிவந்த 'ரன் சைலன்ட், ரன் டீப்' என்னும் அமெரிக்கப் படம், நீர்மூழ்கிக் கப்பல் யுத்தத்தைக் காட்டும் படங்களுக்கெல்லாம் முன்மாதிரியாக விளங்கி வருவதற்கு, அதில் பாயும் டார்ப்பிடோக்கள் காரணமல்ல. ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டு, ஒரே வாயிலிருந்து வரும் கட்டளைக்காகக் காத்து நிற்கும் மாலுமிகளின் நடுவே, அதிகாரிகள் இருவரின் புத்தி இரு திசையில் செல்லும்போது விளையும் அபாயத்தை அது தன் மையமாகக் கொண்டதே காரணம். கிளார்க் கேபிள் ஏற்ற ரிச்சர்ட்ஸன் என்னும் பாத்திரம், ஜப்பானின் புங்கோ ஜலசந்தியில் தம் கப்பலைப் பறிகொடுத்தவர். பர்ட் லங்காஸ்டர் ஏற்ற பிளெட்ஸோ, தமக்கு வருமென்று நம்பியிருந்த தலைமைப் பதவி அவருக்குப் போய்ச் சேர்ந்ததைப் பொறுத்துக்கொண்டு, அவருக்கு அடுத்த ஸ்தானத்தில் பணியாற்றுபவர். அந்த ஜலசந்தியை அணுகலாகாது என்ற மேலிடத்து உத்தரவையும் மீறி ரிச்சர்ட்ஸன் கப்பலை அங்கேயே செலுத்துகிறார். இதன் மூலமான நாவலை 1955இல் எழுதிய எட்வர்ட் பீச், இரண்டாம் உலக மகாயுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களிலேயே பணி புரிந்தவராதலால், அவ்விடுக்கமான வாழ்வை உள்ளிருந்து அறிந்தவர்.

பீச் இரண்டாம் அதிகாரியாக இருந்த 'டிராண்டி' என்ற கப்பலின் வகையைச் சேர்ந்த மற்றொரு கப்பலான 'டயாப்ளோ', 1964இல் பாகிஸ்தானுக்கு வழங்கப்பட்டு 'காஸி' என்று பெயர் மாறி, 1971 யுத்தத்தில் நம் வங்கக் கடலுக்கே வந்து, விசாகப்பட்டினத்துக்கு அப்பால் மூழ்கிப் போயிற்று. அதைப் பற்றி சங்கல்ப் ரெட்டி இயக்கி 2017இல் வெளிவந்து, தமிழிலும் குரல் மாற்றிக் காட்டப்பட்ட 'காஸி' படத்திலும் தலைமைப் போராட்டமே கதையின் உயிர்நாடி. நம் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் ஆவேசக்காரரான கேப்டன் ரண்விஜய் சிங்கைக் கட்டுக்குள் வைத்திருக்கும்படி, அர்ஜுன் என்னும் அதிகாரியை மேலிடம் அதே கப்பலில் ஏற்றி அனுப்புகிறது. மெய்யான சரித்திரத்தில் இப்படிப்பட்ட மோதல் எதுவும் இல்லை. கிழக்குக் கடற்படைக்குத் தலைவராயிருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். அவர் 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பலை அந்தமான் பக்கம் மறைத்துவிட்டு, 'ராஜ்புத்' என்னும் பழைய நாசகாரிக் கப்பலையே விக்ராந்த் என்று பகைவர் நம்பும்படி ஏற்பாடுகள் செய்து, அதன் தலைவர் இந்தர் சிங்கிடம் திட்டத்தை விளக்கி அனுப்பினார். டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, காஸி தன்னிலிருந்த அனைவரோடும் அழிந்தது. ராஜ்புத் வீசிய நீரடிக் குண்டுகளே காரணம் என்பது நம் தரப்பு. அது விதைத்த கண்ணியே அதற்கு யமனாயிற்று என்பது பாகிஸ்தானின் தரப்பு.

தலைமையைக் கண்காணிக்க ஒருவரை அனுப்பிவைக்கும் அந்தக் கற்பனை, தர்மபுரிக்காரனான எனக்குக் கற்பனையாகத் தோன்றவில்லை. கடலையே காணாத எங்கள் ஜில்லாவில், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், அப்படி அனுப்பப்பட்டவர்களால் ஒரு சேனை சீர்குலைந்து, தர்மபுரியும் தென்கரைக்கோட்டையும் ஒரே வருஷத்தில் இருமுறை கைமாறின. அக்கதை எங்கள் பாடப் புத்தகங்களில் ஒரு வரிக்கு மேல் இடம் பெறாதது எனக்கு நெடுநாளைய மனக்குறை.

அந்நாளில் இப்பிரதேசம் பாராமகால் என்று வழங்கியது. ஹைதர் அலியின் ஆளுகையில் இருந்தது. 1767இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கும் ஹைதருக்கும் மூண்ட யுத்தத்தில், செங்கத்தை அடுத்தும் திருவண்ணாமலையிலும் வெற்றி கண்ட கர்னல் ஜோசப் ஸ்மித், நிதானமும் தூரதிருஷ்டியும் வாய்ந்த சேனாதிபதி. தானியமும் குதிரைப்படையும் இல்லாமல் மைசூரின் மேட்டு நிலத்தில் ஏறுவது பயனற்றது என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தார். சென்னைக் கோட்டையிலிருந்த ஆலோசனைச் சபையாரோ, வரைபடத்தில் விரல் வைத்து பெங்களூரைப் பிடித்துவிடலாம் என்று எண்ணியவர்கள். 1768இன் தொடக்கத்தில் கர்னல் வுட் தர்மபுரியையும் தென்கரைக்கோட்டையையும் கைப்பற்றி, சேலம், நாமக்கல் என்று தெற்கே இறங்கிக் கோட்டை கோட்டையாகப் பிடித்துச் சென்றார். மே மாதத்தில் கிருஷ்ணகிரியும் பணிந்தது. பிடித்த ஒவ்வொரு கோட்டையிலும் சிறுசிறு காவற்படைகள் வைக்கப்பட்டன. அவற்றுள் எதுவும் ஒரு வலிய முற்றுகையைத் தாங்கக் கூடியதல்ல என்பதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை.

இந்த நிலையில்தான் சபையார், தம் அங்கத்தினர் இருவரைக் 'களப் பிரதிநிதிகள்' என்ற பட்டத்தோடு ஸ்மித்தின் பாசறைக்கே அனுப்பினர்; ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியும் உடன் வந்து சேர்ந்தார். போர்க்களத்தில் நின்றவருக்கு, எந்த வழி செல்வது, எப்போது நகர்வது என்பதையெல்லாம் கூடாரத்தில் அமர்ந்திருந்த வர்த்தகர்களோடு கலந்தே முடிவு செய்ய வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது. திரையில் வரும் அர்ஜுனாவது கேப்டனோடு அதே கூட்டுக்குள் அடைபட்டு, அதே ஆபத்தைப் பங்கிட்டுக்கொண்டு, கடைசியில் அவருடைய உள்ளத்தையும் உணர்ந்துகொள்கிறான். எங்கள் பாசறைக்கு வந்த பிரதிநிதிகளுக்கோ திரும்பிச் செல்லச் சென்னை இருந்தது. ஆழத்தில் அமிழ்ந்துவிட்ட கப்பலில் மேலிடத்தின் குரல் எட்டாமையால், தலைவனின் பிடிவாதமே ஆபத்தாக முடியலாம். பாராமகாலில் மேலிடத்தின் குரல் ஓயாமல் எட்டிக்கொண்டிருந்ததே பெரும் ஆபத்தாயிற்று. இவ்விரண்டில் எது கொடியது என்று கேட்டால், பின்னதே என்று தயங்காமல் சொல்வேன். பிடிவாதக்காரன் தன் தவற்றின் பலனைத் தானும் அனுபவிக்கிறான்.

பெங்களூர் முற்றுகை நடைபெறவே இல்லை. தாமதத்தின் பழி ஸ்மித்தின் தலையில் ஏற, ஆலோசனை கேட்கவேண்டும் என்ற காரணம் காட்டி அவரைச் சென்னைக்கு அழைத்துக்கொண்ட சபையார், துடிப்பானவர் என்று தாங்கள் நம்பிய வுட்டிடம் சேனையை ஒப்புவித்தனர். ஹைதர் அப்போது ஓசூரை முற்றுகையிட்டிருந்தார். ஓசூரை மீட்க விரைந்த வுட், மூட்டை முடிச்சுகளையும் பெரிய பீரங்கிகள் இரண்டையும் பாகலூரில் விட்டுச் சென்றார். ஹைதர் அவரைச் சுற்றிக்கொண்டு பாகலூர்ப் பேட்டையின் மேல் பாய்ந்தார். படையோடு வந்திருந்த கூலிகளும் பெண்களும் குழந்தைகளும் உயிர் தப்பக் கோட்டை வாசலை நோக்கி ஓட, உள்ளிருந்தவர்கள் கதவை அடைத்துவிட, அந்த வாசலிலேயே ஏராளமானோர் நெரிபட்டு மாண்டனர். பீரங்கிகள் ஹைதரின் வசமாயின. வாசலில் மாண்டவர்களுடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. தலைமையைப் பற்றிய எந்த விவாதத்திலும் அந்த வாசலை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

வுட் பதவி நீக்கப்பட்டுக் காவலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். டிசம்பரில் ஹைதரின் சேனை மலையிலிருந்து இறங்கியது; தர்மபுரி, தென்கரைக்கோட்டை, ஓமலூர், சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு என்று, அவ்வருஷத்தில் பிடிபட்ட கோட்டைகள் பலவும் வருஷ முடிவுக்குள் வரிசையாகப் பறிபோயின. சபையார் மீண்டும் ஸ்மித்தையே நாடினர். ஆனால் 1769 மார்ச்சில் ஹைதர் தம் குதிரைப்படையோடு பரங்கிமலைவரை வந்து நின்றபோது, பின்தொடர்ந்து வந்த ஸ்மித்தை, இருந்த இடத்திலேயே நிற்கும்படி அதே சபையார் கட்டளையிட்டனர். ஏப்ரலில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்து, 1792இல் ஹைதரின் மகன் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தபோது, கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், சென்னையின் சிவில் உத்தியோகஸ்தர்களை ஒதுக்கிவிட்டு, இந்நாட்டு மொழிகளை அறிந்த கேப்டன் ரீட் என்னும் ராணுவ அதிகாரியிடமே இப்பிரதேசத்தின் நிர்வாகத்தை ஒப்படைத்தார். ரீட்டின் உதவியாளர்களில் ஒருவராக வந்து, தர்மபுரியில் தங்கி, நிலம் அளந்து வரி விதித்த இளைஞரே, பிற்காலத்தில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ.